வீட்டுக்காரர் பேர் என்ன?

"ஒட்டகச்சிவிங்கி பால் குடிக்கிறது" என்று கனகலட்சுமி ஜெர்மன் மொழியில் பிசிறில்லாமல் சொன்னாள். சொன்னது என்ன என்பதைப் பிறகு தமிழிலும் விளக்கினாள்.

தங்கப்பாண்டியன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத எதுக்குட்டி சம்பந்தியம்மாகிட்டச் சொல்லப் போற?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க ஏத்திக் குடுத்த ஆப் இதத்தான் சொல்லித் தருது. நாளைக்குக் கரடி ரொட்டி திங்குமாம்."

தங்கப்பாண்டியனின் கை தானாக மீசைக்குப் போனது. பட்டாளத்தில் அவர் ஹவில்தாராக இருந்தபோது மேலதிகாரிகளே நின்று பார்த்துவிட்டுப் போன மீசை அது. இப்போது அதன் தலையெழுத்து ஓர் ஒட்டகச்சிவிங்கியின் கையில் இருந்தது.

விஷயம் இதுதான். ஜெர்மனியில் வேலை பார்க்கும் அவர்களுடைய ஒரே மகள் சங்கரேஸ்வரி, கூட வேலை பார்க்கும் யோனாஸ் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். பையனின் அம்மா ஹெல்காவும் பெண்ணின் அம்மா கனகலட்சுமியும் வீடியோவில் பேசி சம்பந்தத்தை உறுதி செய்வதாக ஏற்பாடு. இடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கப்பாண்டியனின் அக்கா மாடத்தி வீட்டுக் கூடம். சொந்தபந்தம் எல்லாம் வரும்.

இந்த ஏற்பாட்டைப் பேசப் போன அன்றுதான் மாடத்தி வாயைத் திறந்தாள்.

"மெட்ராஸ்க்காரவிய பேசினாலே ஒன் பொண்டாட்டி முந்தானைய வாயில வச்சுக்கிட்டு நிப்பா. வெள்ளக்காரச் சம்பந்திகிட்ட என்னத்தப் பேசப் போறா? கையையும் காலையும் ஆட்டிக் காட்டுவாளோ?"

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கப்பாண்டியனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"எம் பொண்டாட்டி அவிய பாஷையிலேயே பேசுவா. பேசலன்னா இந்த மீசைய அன்னைக்கே எடுத்துருதேன்!"

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான், கனகலட்சுமியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோன்றியது.

மகள் தைரியம் சொன்னாள். "பயப்படாதீங்கப்பா. ஹெல்கா அம்மாவுக்கு இங்கிலீஷும் அரைகுறைதான். அதனால மூணே கேள்விதான் கேப்பாங்க. உங்க பேரு என்ன, எந்த ஊரு, வீட்டுக்காரர் பேரு என்ன. அம்மா இதுக்கு மட்டும் ஜெர்மன்ல பதில் சொன்னாப் போதும், அவங்க உருகிப் போயிருவாங்க."

மூன்று பதில். அதற்கு ஓர் ஆப். அவ்வளவுதான். ஒட்டகச்சிவிங்கியை அன்றே போனிலிருந்து விரட்டிவிட்டு, தங்கப்பாண்டியன் இரண்டாவது ஆப்பை ஏற்றினார்.

இரண்டாவது ஆப் இந்தி வழியாக ஜெர்மன் கற்றுத் தந்தது. பட்டாளத்து இந்தி வீணாகப் போகவில்லையே என்று அவருக்கு ஒரே குஷி. அது ஒரு வாக்கியத்தை ஜெர்மனில் சொல்லும், பிறகு இந்தியில் சொல்லும், அவர் அதைத் தமிழில் சொல்லுவார், கனகலட்சுமி மூன்றையும் கேட்டுத் தலையாட்டுவாள். ஒரு வாரம் இப்படிப் போனது. ஒருநாள் காலையில் கீரைக்காரி வெள்ளத்தாய் வாசலில் நின்று, "அரைக்கீரையா, சிறுகீரையா மதினி?" என்று கேட்டாள்.

"க்யா?" என்றாள் கனகலட்சுமி.

வெள்ளத்தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தங்கப்பாண்டியனிடம் வந்தாள். "அண்ணாச்சி, மதினிக்கு ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?"

இரண்டாவது ஆப்பும் போனது.

மூன்றாவதை ஏற்றிக் கொடுத்தவள் அடுத்த வீட்டு ரிஸ்வானா. "இது தமிழ்லயே சொல்லிக் குடுக்கும் மாமா. மைனா படம் போட்டிருக்குல்ல, இதுதான். நாம போன்ல பேசணும். சரியாச் சொன்னாத்தான் அடுத்த பாடம் தொறக்கும். பேசுறதுக்கு ஏத்த மாதிரி அதுவும் பதில் பேசும்" என்றாள்.

மைனா பொறுமைசாலி. குரலும் இனிமை. "என் பெயர் கனகலட்சுமி" என்ற பாடம் ஒரே நாளில் முடிந்தது. "நான் ராஜபாளையத்தில் இருக்கிறேன்" அடுத்த நாள் முடிந்தது. மீசை தப்பித்தது என்றே தங்கப்பாண்டியன் முடிவு செய்து, அதற்குக் கொஞ்சம் எண்ணெய்கூடத் தடவிவிட்டார்.

மூன்றாவது பாடம் திறந்தது. "உங்கள் கணவர் பெயரைச் சொல்லுங்கள். மைன் மன் ஹைஸ்ட்..." என்று மைனா எடுத்துக் கொடுத்தது.

கனகலட்சுமி போனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். முந்தானை வாய்க்குப் போனது.

"சொல்லுட்டி."

"எத?"

"எம் பேரத்தான்."

"அய்யோ சாமி! நான் மாட்டேன்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் பெயரைச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஒருமுறை பேங்கில் விடாமல் கேட்டபோது, "கழுத்துல போடுறோம்ல, அந்த உலோகம். அதோட மதுரை ராசாவச் சேத்துக்கோங்க" என்று சொல்லி, கவுண்டரில் இருந்த பிள்ளையைத் திண்டாட வைத்தவள். இதை அவர் வெளியில் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார். ஆனால் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. பட்டாளத்தில் அத்தனை பேர் அதட்டிக் கூப்பிட்ட பெயர். அதை இவள் வாயால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு நெடுநாளாக ஏக்கம்.

"சரி, எப்படியாவது சமாளி" என்றார்.

கனகலட்சுமி போனை நெருங்கினாள். "மைன் மன் ஹைஸ்ட்... அவிய."

"மன்னிக்கவும். மீண்டும் முயலுங்கள்" என்றது மைனா.

"மைன் மன் ஹைஸ்ட்... ஈசுவரி அப்பா."

"மன்னிக்கவும். மீண்டும் முயலுங்கள்."

"மைன் மன் ஹைஸ்ட்... கழுத்துல போடுற உலோகமும் மதுரை ராசாவும்."

மைனா சற்று யோசித்தது. "உங்களுக்கு இரண்டு கணவர்களா?" என்று அன்பாக விசாரித்தது.

கனகலட்சுமி போனைத் தூக்கி அரிசி மூட்டைமேல் எறிந்தாள்.

தங்கப்பாண்டியன் ஒரு யோசனை செய்தார். ஆப்பில் கொடுத்திருந்த தன் பெயரை அழித்துவிட்டு, வாயில் வந்த ஏதோ ஒரு பெயரைப் போட்டார். பாடம் நகர்ந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"இப்ப கூச்சமில்லாமச் சொல்லு. மைன் மன் ஹைஸ்ட் ஆவுடையப்பன்."

கனகலட்சுமியின் முகம் சிவந்தது. "முக்குக்கடை ஆவுடையப்பன் அண்ணாச்சியவா? தெனமும் பருப்பு வாங்கப் போற மனுசன எம் புருசன்னு சொல்லச் சொல்லுதீக? ஒங்களுக்கு வெக்கமா இல்ல?"

"ஏட்டி, சும்மா ஒரு பேரு..."

"சும்மாவா?"

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு கிடைத்தது. குழம்பு கிடைக்கவில்லை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை இருந்தது. போனைக் கையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். தன் பெயரைத் திரும்பப் போட்டார். பாடத்தை நாமே முடித்துவிட்டால் அடுத்த பாடம் திறக்கும், அவளும் கொஞ்சம் மனசு மாறுவாள் என்று கணக்கு. ஜன்னல் பக்கம் திரும்பி, துண்டால் வாயை மறைத்து, குரலை எவ்வளவு மெலிசாக்க முடியுமோ அவ்வளவு மெலிசாக்கி, "மைன் மன் ஹைஸ்ட் தங்கப்பாண்டியன்" என்றார்.

பஸ் முழுக்கக் கேட்கும்படி மைனா கூவியது. "அருமை கனகலட்சுமி அவர்களே! 'என் கணவர் பெயர் தங்கப்பாண்டியன்' என்று மிக அழகாகச் சொன்னீர்கள்!"

பஸ்ஸில் பாதிப் பேர் ராஜபாளையத்துக்காரர்கள். அவர்தான் தங்கப்பாண்டியன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கண்டக்டர் கருத்தையா பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணாச்சி, டிக்கெட் ஒங்களுக்கு மட்டுமா, ஒங்க வீட்டுக்காரருக்கும் சேத்தா?"

போதாததற்கு, குரல் மாறியிருப்பதால் பாடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லி, முடித்த பாடங்களையும் மைனா பூட்டிவிட்டது.

ஆக, உறுதி செய்யும் நாளுக்கு முந்தைய நாள் நிலவரம்: கனகலட்சுமியிடம் கணக்கில் ஒரு பாடம்கூட இல்லை. தங்கப்பாண்டியன் போனை அவள் முன்னால் வைத்தார்.

"நீயாச்சு, ஒன் மைனாவாச்சு. நான் பால்கோவா வாங்கப் போறேன். அப்படியே அக்காகிட்ட, சம்பந்தியம்மாவுக்குக் காய்ச்சல்னு எதையாச்சும் சொல்லித் தள்ளிப் போட முடியுதான்னு பாக்குறேன்."

மாடத்தி தள்ளிப் போட விடவில்லை. "வத்திராயிருப்புல இருந்து எல்லாம் ஆளுக கெளம்பியாச்சு. முடிவெட்டுற பொன்னுராஜுக்கும் சொல்லி வச்சிருக்கேன் தம்பி, எதுக்கும் இருக்கட்டும்னு" என்றாள். சிரிக்காமல் சொன்னதுதான் அவரை அதிகம் வாட்டியது.

பால்கோவாப் பையோடு சோர்ந்துபோய் வீட்டுக்குள் நுழைந்தார். போன் மேஜைமேல் இருந்தது. எடுத்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். முதல் பாடம், பச்சை டிக். இரண்டாம் பாடம், பச்சை டிக். மூன்றாம் பாடத்தில் டிக்கோடு ஒரு தங்கக் கிரீடமும் இருந்தது. 'உச்சரிப்பு: பத்துக்குப் பத்து.' அதற்கு மேலும் சில பாடங்கள் முடிந்திருந்தன.

"கனகம்! இது எப்படிட்டி?"

"நீங்க போன பொறவு செத்த நேரம் சொல்லிப் பாத்தேன். ஏத்துக்கிட்டுச்சு" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"எம் பேரச் சொன்னியா? இப்ப ஒரு தடவ சொல்லேன்."

"ச்சீ, போங்க. நாளைக்குக் கேட்டுக்கோங்க."

தங்கப்பாண்டியன் மைனாவை அண்ணாந்து பார்க்காத குறைதான். என்ன ஆப்! என்ன பொறுமை! மனுஷனால் முடியாததை ஒரு மத்தியானத்தில் சாதித்துவிட்டதே! உடனே உட்கார்ந்து ஐந்து நட்சத்திரம் போட்டார். 'கூச்சப்படும் பெண்களைப் பேச வைக்கும் ஒரே ஆப் இதுதான். குடும்பஸ்தர்கள் அனைவரும் அவசியம் ஏற்றவும். இப்படிக்கு, ஹவில்தார் தங்கப்பாண்டியன் (ஓய்வு), ராஜபாளையம்' என்று எழுதி அனுப்பினார்.

மறுநாள் மாடத்தி வீட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. போனைப் பெரிய டிவியில் இணைத்துக் கொடுக்க ரிஸ்வானாவையும் கூட்டி வந்திருந்தார்கள். திரையில் மகள், மாப்பிள்ளை, நடுவில் ஹெல்கா அம்மாள். கனகலட்சுமி பட்டுப்புடவையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வாசல் ஓரமாகப் பொன்னுராஜ் நிற்பதைத் தங்கப்பாண்டியன் பார்க்காததுபோல் பார்த்தார்.

முதல் கேள்வி வந்தது. கனகலட்சுமி பதில் சொன்னாள். கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இரண்டாவது வந்தது. "ராஜபாளையம்" என்று முடித்தாள். வத்திராயிருப்புக்காரர்கள் கை தட்டினார்கள்.

மூன்றாவது கேள்வி.

கனகலட்சுமி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானை கைக்கு வந்தது. மாடத்தி மெல்லப் பொன்னுராஜ் பக்கம் திரும்பினாள். தங்கப்பாண்டியன் கண்ணை மூடிக்கொண்டார்.

"மைன் மன் ஹைஸ்ட் தங்கப்பாண்டியன்!"

கணீரென்று வந்தது. ஒரு தடங்கல் இல்லை, ஒரு திக்கல் இல்லை. ஹெல்கா அம்மாள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லப் பார்த்தாள், நாக்கு புரளவில்லை. கனகலட்சுமி விடவில்லை. "தங்க... பாண்டி... யன். எங்க, சொல்லுங்க. தங்கப்பாண்டியன்!" என்று சம்பந்திக்கே பாடம் எடுத்தாள். கடைசியில், யாரும் கேட்காமலே, "அவர் ரொம்ப நல்லவர்" என்பதையும் ஜெர்மனில் சொல்லி வைத்தாள். மகள் அதைத் தமிழில் சொன்னபோது கூடமே ஆரவாரம் செய்தது.

ஹெல்கா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள். "தை மாசம் எல்லாரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்து கல்யாணத்தை முடிச்சிரலாம்னு சொல்றாங்க" என்று மகள் துள்ளினாள். மாடத்தி எழுந்து வந்து தம்பி பெண்டாட்டியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பொன்னுராஜுக்கு ஒரு கிண்ணம் பால்கோவா கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

தங்கப்பாண்டியன் அழுதேவிட்டார். வெட்கப்படாமல் அழுதார். பிறகு மீசையை நன்றாக முறுக்கி, கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இத்தன வருச தாம்பத்தியத்துல இவ வாயில எம் பேரு வந்ததே இல்ல. இந்த மைனா ஆப் ஒரே மத்தியானத்துல வர வச்சிருச்சு! எல்லாரும் இன்னைக்கே போன்ல ஏத்துங்க. நான் சொல்லுதது பொய்யின்னா, இந்தா பக்கத்து வீட்டுப் பிள்ளை நிக்குது, கேளுங்க. நீ சொல்லு தாயி, இது இந்த ஆப் செஞ்ச அதிசயந்தான?"

கனகலட்சுமி ரிஸ்வானாவைப் பார்த்து அவசரமாகக் கண்ணைக் காட்டினாள். ரிஸ்வானா டிவி ஒயரைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

"ஆப்ல என்ன மாமா இருக்கு? நீங்க தெருமுக்கு தாண்டுனதும் அத்தை ஒங்கள வையிறதக் கேட்டுக் கேட்டு, எங்க வீட்டுக் கைப்புள்ள மொதமொதல்ல பேசுன வார்த்தையே 'தங்கப்பாண்டி'தான!"