வயலில் நின்ற பட்டாளத்துச் சட்டை

எங்கள் வீட்டுக்காரர் கட்சியின் கிளைச் செயலாளர். மேடை ஏறினால் மார்பில் வேல் வாங்குவார். பாபநாசம் டூரிங் கொட்டகைக்குப் பட்டாளத்துச் சண்டைப் படம் வந்ததும் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார்.

"நீ வரக்கூடாது. கையும் காலும் பிய்ஞ்சு பறக்குதாம். பால் குடுக்குறவ பயந்தா பால் திரிஞ்சிடும்."

"எங்கண்ணன் அந்த மாதிரி எடத்துலதானே இருக்கு. எப்படி இருக்கும்னு பாக்கணுங்க."

அண்ணன் தியாகேசன் பட்டாளத்தில். எல்லையில் சண்டை முடிந்து ஒரு மாதம். கடுதாசி இல்லை.

"நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."

பார்த்துவிட்டு வந்தார். சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை.

விடிந்தபோது ஒரே பனி. மடை பார்க்கப் போனவர் மண்வெட்டியை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"வயல்ல ஒரு சிப்பாய் நிக்கிறான். ஒத்தக் கை. என்னைக் கூப்பிடுறான்."

"பொம்மைங்க. குருவி வெரட்ட நேத்து நான்தான் நட்டேன். அண்ணன் விட்டுட்டுப் போன சட்டை."

"தெரியும் தெரியும். போய் எடுத்துடு."

"அப்ப இன்னிக்கு என்னைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"மெரட்டுறியா?"

"இல்லீங்க. வேணாம்னா நீங்களே போய் எடுத்துடுங்க."

வாசலைப் பார்த்தார். பனியைப் பார்த்தார். "தரை டிக்கெட்டுதான்" என்றார்.

போனேன். வரப்பே தெரியவில்லை. பொம்மைக்கு இரண்டு கையும் வைத்துத்தான் கட்டினேன். வலது கைக் குச்சியைக் காணோம். தேடினேன், கிடைக்கவில்லை. காற்றே இல்லை. வெறும் சட்டைக்கை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. என்னை அறியாமல் "அண்ணா" என்றேன். ஆட்டம் நின்றது.

சாயங்காலம் முதல் ஆட்டம். மணலில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தேன். குண்டு வெடித்தது. குடல் சரிந்தது. பிள்ளை பால் குடித்தது. வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

போன அறுவடையில் கூலித் தகராறு. அரிவாள் வெட்டுப்பட்ட கூலியாள் சாமிதுரையை எங்கள் மாட்டுக்கொட்டகையில்தான் கிடத்தினார்கள். அவர் கத்தவில்லை. "என் துண்டு எங்க, என் துண்டு எங்க" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் இன்னும் மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது. படத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

"எல்லாத்தையும் காட்டுறானுவ பாரு" என்று வீட்டுக்காரர் துண்டுக்குள்ளிருந்து முனகினார்.

"இல்லீங்க. ரத்தத்தை மட்டுந்தான் காட்டுறாங்க."

மூன்றாம் நாள் கடுதாசி வந்தது. நலம், பசு கன்று போட்டதா என்று அண்ணன் கேட்டிருந்தது. எழுத்து கோணல் கோணலாக, இடது கையால் எழுதினாற்போல் இருந்தது. எந்தக் கையால் எழுதினாய் என்று திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கன்று போட்டது என்று எழுதிப் போட்டேன்.

அந்த எழுத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டது.

எங்கள் பக்கம் பிள்ளை பயந்தால் பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் ஓதி வாங்குவோம். சாயங்காலத் தொழுகை முடியும் நேரம், கைப்பிள்ளைக்காரிகளின் வரிசையில் போய் நின்றேன். முன்னால் நின்ற லத்தீஃபா அக்கா திரும்பிப் பார்த்தது.

"புள்ள பயந்துடுச்சா?"

பிள்ளை என் இடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தது.

"இல்லக்கா" என்று பின்னால் கையைக் காட்டினேன். வரிசையில் மீசையோடு நின்றது அவர் ஒருத்தர்தான்.