பூவுக்கு ஏது புத்தி

இரண்டாவது பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்து நூல் சுற்றினார் திருவேங்கடம்.

செய்யூரில் அவர் வம்சத்தார் கொடுத்த வாக்கை மீறியதில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால், லாரி ஓட்டும் நரசிம்மனின் மகன் கலையரசனுக்குத் தன் பெண்ணைத் தருவதாகச் சொல்லிவிட்டார். படூரில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் பெண் திவ்யாவோ மாட்டேன் என்று சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. வாக்கை அவர் மீறக்கூடாது. அம்மன் மீறச் சொல்லலாம் அல்லவா? பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் இல்லை.

"எனக்கு மனசுன்னு ஒண்ணு கீது நைனா. அத்த வுட்டுட்டு பூவப் போயி கேக்கறியே!"

"பூவுக்கு ஏது புத்தி? சொந்த இஷ்டம் இல்லாதது. அதான் நம்பிக் கேக்கறேன்."

அம்மனுக்கும் சொந்த இஷ்டத்துக்கு இடம் வைக்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

விடிந்ததும் பொட்டலங்களைப் பூசாரி முத்துசாமியிடம் கொடுத்துவிட்டு வந்தார். பூசை வேளைக்கு இரு வீட்டாரும் ஊராரும் கோயிலில் கூடினார்கள். பூசாரி கண்ணை மூடித் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

திருவேங்கடம் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆத்தாளே சொல்லிட்டா. என் வாக்க நான் மீறல."

"அந்த இன்னொண்ணயும் பிரி பூசாரி," என்றார் நரசிம்மன்.

"உத்தரவு வந்தப்பறம் பிரிச்சா தெய்வ குத்தம்!" என்றார் பூசாரி.

"தெய்வ குத்தமா, உன் குத்தமா?"

"கொளத்துல வுட்டுடறேன்," என்று திருவேங்கடம் பொட்டலத்தைப் பறித்தார். நரசிம்மன் பிடித்து இழுத்தார். நூல் அறுந்து, ஊரே பார்க்கச் செவ்வரளி கீழே விழுந்தது.

"ரெண்டும் செவப்பு! வெள்ளையே இல்லன்னா ஆத்தா இன்னாத்த எடுப்பா? வாக்காம், வம்சமாம்! த்தூ!" என்றார் நரசிம்மன்.

"மாத்தனது நான்தான்," என்று திவ்யா முன்னால் வந்தாள். "நைனாவுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் பொட்டலத்தைத் தொட்டதே இல்லை என்று திருவேங்கடத்துக்குத் தெரியும். தகப்பன் மானத்துக்காகப் பெண் பொய் சொல்கிறாள். பெற்ற பெண்ணைத் திருடியாக்கி நிற்கிற மானம் ஒரு மானமா? அவர் முதுகு நிமிர்ந்தது.

"அவ பொய் சொல்றா. கேட்டுக்குங்க, அந்தப் பொட்டலத்த..."

"அட, சும்மா இருங்கப்பா!" என்று பூசாரி குறுக்கிட்டார். "திருவேங்கடத்தோட பொட்டலம் ரெண்டும் இதோ, பிரிக்காம என் மடியிலயே கீது. தட்டுல வெச்சது, காலைல உன் புள்ள அழுதுகினே வந்து மாத்தி வெக்கச் சொல்லிக் குடுத்ததுதான், நரசிம்மா!"