ஆணிக்கடைப் பாதுகாப்பு இயக்கம்

ஒரு கடையின் மீது ஒரு தெரு வைக்கக்கூடிய அன்புக்கு எல்லை எது என்று எதிர்காலத்தில் யாராவது ஆராய்ச்சி செய்தால், அவர்கள் இந்தத் தெருவிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட இத்தெரு தன் ஒரே ஹார்டுவேர் கடையை நேசித்ததுபோல் வேறெந்தத் தெருவும் வேறெந்தக் கடையையும் நேசித்ததில்லை. இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்காதீர்கள். குடியிருப்போர் நலச் சங்கத் தலைவரே மேடையேறிச் சொன்னார். அவர் ஓய்வு பெற்ற மேலதிகாரி. பொய் சொன்னாலும் கோப்பு எண்ணோடு சொல்பவர்.

கடைக்குச் சொந்தக்காரி ஆணியக்கா. உண்மையான பெயர் அவருடைய வீட்டுக்காரருக்கும் மின்வாரியத்துக்கும் மட்டுமே தெரியும். இருபத்தாறு வருஷமாக அதே முக்காலி, அதே மேஜை. முதுகுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை இருநூற்று நாற்பது சின்னச் சின்ன இழுப்பறைகள். எதிலும் பெயர் எழுதி ஒட்டியதில்லை. எதில் என்ன இருக்கிறது என்பது அக்காவின் கைக்குத் தெரியும், அது போதும்.

அக்காவின் கடையில் ஒரு முறை உண்டு. போனவுடன், "சாம்பிள் கொண்டாந்தீங்களா?" என்பார். உடைந்தது, தேய்ந்தது, துருப்பிடித்தது எதுவானாலும் அதை அவர் உள்ளங்கையில் வைக்க வேண்டும். இரண்டு தடவை புரட்டிப் பார்ப்பார். "இது முக்கால் இஞ்ச். மரை தேஞ்சிருக்கு. வாஷர் போட்டாப் போதும். குழாயையே மாத்தணும்னு சொன்னவன் உங்க தலையில மிளகாய் அரைக்கிறான்" என்பார். டாக்டர்கூட இவ்வளவு பொறுமையாகக் கேட்பதில்லை. கேட்டாலும் மருந்து இவ்வளவு குறைவாக எழுதுவதில்லை.

காலம் மாறியது. தெரு மாறவில்லை, அதே விசுவாசத்தோடு சாம்பிள் கொண்டு வந்துகொண்டுதான் இருந்தது. அக்கா அளவைச் சொல்வார். எந்தப் பொருள் உழைக்கும், எது ஆறு மாதத்தில் பல்லைக் காட்டும் என்று விளக்குவார். வந்தவர் எல்லாவற்றையும் பயபக்தியோடு கேட்டு, போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிக்கா, வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று போவார். வீட்டில் என்ன கேட்டாரோ, திரும்பி வர மாட்டார். மூன்றாம் நாள் அதே பொருள் அட்டைப் பெட்டியில் அவர் வீட்டு வாசலில் வந்து இறங்கும்.

"கடைக்கு ஆளு வருது, வியாபாரம் இல்ல. இது என்ன கடைன்னே தெரியல" என்று அக்கா ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அது தலைவர் காதில் விழுந்தது. அவர் துடித்துப் போனார். அன்று மாலையே டியூஷன் டீச்சர் வீட்டு ஹாலில் அவசரக் கூட்டம். "நம் தெரு, நம் கடை" இயக்கம் தொடங்கப்பட்டது. முதல் வேலையாக ஒரு கருத்துக் கணிப்பு. உங்கள் மனதுக்கு நெருக்கமான கடை எது என்ற கேள்விக்கு நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் ஒருமனதாக ஆணிக்கடை என்று எழுதின. அங்கே கடைசியாக என்ன வாங்கினீர்கள் என்ற இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலோர் "அன்பு" என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் "ஒரு பூட்டு, என் கல்யாணத்துக்கு முன்னால்" என்று எழுதினார். அந்தத் தாள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

இயக்கத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பனியன்கள் வந்தன. முன்பக்கம் சுத்தியல் படம், பின்பக்கம் "உள்ளூரில் வாங்குவோம்." அவை எங்கிருந்து வாங்கப்பட்டன என்று அக்கா கேட்டார். சங்கச் செயலாளர், வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர். அவர் முகம் மலர்ந்தது.

"ஆன்லைன்லதான்க்கா. மறுநாளே வந்துடுச்சு. செம மலிவு. லிங்க் அனுப்பட்டுமா?"

இத்தனையும் சேர்ந்து ஒரு கடையை வாழவைக்காதா என்ன? வைக்கவில்லை. அப்போதுதான் செயலாளருக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது.

"அக்கா, தெருவுல பாதிப் பேருக்கு மேல பகல்ல வீட்ல இருக்கறதில்ல. பார்சல்காரன் வந்து பூட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடறான். நீங்கதான் எப்பவும் இருக்கீங்க. எல்லாருக்கும் உங்க கடை அட்ரஸயே குடுத்துட்டா என்ன?"

"என் கடைக்கா? நான் எதுக்குத் தம்பி?"

"பார்சல் வாங்க எல்லாரும் கடைக்கு வருவாங்கல்ல? வர்றவங்க சும்மாவா போவாங்க?"

அக்கா யோசித்தார். வருகிறவர்கள் ஒரு பல்பாவது வாங்க மாட்டார்களா என்ற ஆசை அவரை விடவில்லை. அதோடு அக்காவுக்கு யார் முகத்தையும் முறித்துப் பேசத் தெரியாது. சரி என்று தலையாட்டினார். தீர்மானம் எண் ஏழு கைதட்டலோடு நிறைவேறியது.

முதல் நாள் ஒரு புத்தகம் வந்தது. மறுநாள் இரண்டு செருப்பு, ஒரு மேஜை விசிறி. பத்தாம் நாள் ஒரு மெத்தை வந்தது. சுருட்டிக் கட்டிய மெத்தை. அதை பெயிண்ட் டப்பாக்கள் மேல் சாய்த்து வைத்தார்கள். பிறகு ஒரு சைக்கிள், பிறகு நடைப்பயிற்சி மிஷின். டியூஷன் டீச்சருக்கு மட்டும் வாரத்துக்கு ஆறு பெட்டி. பிடிக்காததைத் திருப்பி அனுப்புவார், அதுவும் அக்கா கையால்தான் போக வேண்டும். தாழ்ப்பாள், கீல், ஒயர் சுருள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போயின. ஒரு மாதத்தில் இருநூற்று நாற்பது இழுப்பறைகளில் கண்ணுக்குத் தெரிந்தவை மேல்வரிசைப் பதினொன்று மட்டுமே.

இயக்கத்தின் மாதாந்திர அறிக்கை இந்தச் சாதனையைத் தக்க முறையில் பதிவு செய்தது: "முன்பு நாளொன்றுக்கு எட்டுப் பேர் வந்த கடைக்கு இப்போது எண்பது பேர் வருகிறார்கள். நடமாட்டம் பத்து மடங்கு. இயக்கம் வெற்றி." விற்பனை என்ன என்பது அறிக்கையில் இல்லை. அது வேறு துறை போலும்.

வந்த எண்பது பேரும் நல்லவர்கள். "அக்கா, நம்ம கடைய நினைச்சாலே நெஞ்சு நிறையுது" என்பார்கள். "இந்த மாதிரிக் கடையெல்லாம் இனிமே எங்க?" என்பார்கள். பெட்டியை வாங்கிக்கொண்டு, கிழித்த அட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். "அட்டை உங்களுக்கு யூஸ் ஆகும்ல?" என்று டீச்சர் பெருந்தன்மையோடு கேட்டார்.

கடைசி வாடிக்கையாளர் என்று சொன்னால் அது பிளம்பர்தான். போன் பார்த்துப் பொருள் வாங்கத் தெரியாதவர். தெரிந்தாலும் குழாய் ஒழுகும்போது இரண்டு நாள் காத்திருக்க முடியாதவர். ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அக்கா, குழாய் வளைவுக்கு அர இஞ்ச் எல்போ ஒண்ணு. மாடில தண்ணி ஆறா ஓடுது!"

"இருக்குப்பா. கீழ்வரிசை, இடப்பக்கம் நாலாவது."

"எடுங்க."

"அந்த மெத்தைய நகத்தணும். மெத்தைய நகத்தணும்னா சைக்கிள வெளிய எடுக்கணும். சைக்கிள எடுக்கணும்னா டீச்சரோட எட்டுப் பெட்டிய..."

பிளம்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். இருவருமாகக் கால்மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். சைக்கிள் கைப்பிடி நடைப்பயிற்சி மிஷினில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். "அக்கா, மன்னிச்சுக்கோங்க. நான் மெயின் ரோட்டுக்கே போயிடறேன்" என்று அவர் ஓடினார். பொருளைக் கடைக்குள் வைத்துக்கொண்டே இல்லை என்று அனுப்பியது அக்காவுக்கு அதுதான் முதல் தடவை. அவர் முக்காலியில் உட்கார்ந்து அழுதார். பெட்டி வாங்க வந்த ஒருவர், "அழாதீங்கக்கா, நாங்க இருக்கோம்" என்று ஆறுதல் சொல்லி, தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அக்காவின் வீட்டுக்காரர் அச்சகத்தில் மிஷின் ஓட்டுபவர். வார விடுமுறையன்று மத்தியானச் சாப்பாடு கொண்டு வந்தார். உட்கார இடமில்லாமல் யாருடைய பெட்டியின் மீதோ உட்கார்ந்தார்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லேன். நாக்குல என்ன தாழ்ப்பாள் போட்டிருக்கா?"

"எப்படிங்க சொல்றது? என் கடையக் காப்பாத்தத்தான இவ்வளவும் செய்யறாங்க."

"காப்பாத்தறாங்களா? உன் கடை எங்க? காட்டு பாக்கலாம்."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். மேல்வரிசைப் பதினொன்றையும் காட்டினார். அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்.

இரண்டு வாரம் கழித்துக் கட்டட ஓனர் வந்தார். நல்ல மனுஷன். சொல்ல வந்ததை உடனே சொல்ல முடியாமல் ஒரு பூட்டை எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்து, மறுபடியும் எடுத்தார்.

"என்னங்க ஓனர், பூட்டு வேணுமா?"

"இல்லம்மா. பார்சல் கம்பெனிக்காரங்க வந்திருந்தாங்க. இந்தத் தெருவுக்கு வர்ற சாமான் எல்லாம் ஒரே அட்ரஸுக்கு வருதாம். அப்படின்னா அவங்க ஆபீஸுக்கு இதுதான் சரியான இடம்னு அவங்க மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்களாம். உங்க ஒப்பந்தமும் இந்த மாசத்தோட முடியுது. நானும் பிள்ளகுட்டிக்காரன்..."

"நான் எங்க போறது?"

"நீங்க எங்கயும் போக வேணாமாம். இதே முக்காலில உக்காந்து இதே வேலையப் பாக்கலாமாம். என்ன, இந்த ஆணி இழுப்பறையெல்லாம் கழட்டிடுவாங்க."

இருபத்தாறு வருஷத்தில் அக்கா விற்ற ஆணிகளால் அந்தத் தெருவில் தொங்காத படம் இல்லை. அதே தெரு தனக்கே தெரியாமல் அக்காவைக் கழற்றி வைத்துவிட்டது என்று அவருக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்று சொல்வதே சரி; ஆறு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

செய்தி பரவியது. தெரு கொதித்தெழுந்தது. ஒரு மாலை, நூற்றுப் பன்னிரண்டு பனியன்களும் கடை வாசலில் திரண்டன. இத்தகைய எழுச்சியைக் கண்டால் எந்தக் கல்நெஞ்சும் கரையும். டீச்சர் குரல் தழுதழுக்க இயக்கப் பாடல் பாடினார். ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் கீச்சிட்டது. செயலாளர் அதைத் தட்டிச் சரிசெய்தார். தலைவர் முக்காலியின் மேலேயே ஏறி நின்றார்.

"அன்பர்களே! இது சாதாரணக் கடை இல்ல. இது நம்ம தெருவோட இதயம்! இந்த இதயத்த நிறுத்தினது யாரு? எனக்குத் தெரிஞ்சாகணும். சும்மா விடப் போறதில்ல. பேர் வேணும், கதவு எண் வேணும், போன் நம்பர் வேணும். ஒருத்தர் விடாம முழுப் பட்டியல் வேணும்! செயலாளர், எழுதிக்கோங்க!"

கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. செயலாளர் நோட்டைப் பிரித்துப் பேனாவோடு நின்றார். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்தக் கம்பெனிதான்" என்றது ஒரு குரல். "அரசாங்கம்" என்றது இன்னொரு குரல். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்றார் டீச்சர்.

"நான் சொல்றேன் சார்" என்றார் அக்கா.

கூட்டம் விலகி வழிவிட்டது. அக்கா கடைக்குள் போனார். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். முதலில் பெயர். அது தலைவரின் பெயர். வாழ்க்கையில் முதல் தடவையாக யார் முகத்தையும் பார்க்காமல், சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"கதவு எண் நாலு. போன் நம்பரும் போட்டிருக்கு. எழுதிக்கிட்டீங்களா தம்பி?"

தலைவர் முக்காலியிலிருந்து மெல்ல இறங்கினார். "நான் பட்டியல் கேட்டேன்மா. பார்சல் கேக்கல."

"பட்டியல்தான் சார் படிக்கிறேன். உள்ள என்ன இருக்குன்னும் அச்சடிச்சிருக்கான். ஒரு இஞ்ச் ஸ்க்ரூ, நூறு. போன வாரம் சாம்பிள் கொண்டாந்து காட்டி, எந்த அளவுன்னு எங்கிட்டதான சார் கேட்டீங்க?"

அக்கா அடுத்த பெட்டியை எடுத்தார். "கதவு எண் பதினேழு, மாடி. குழாய் ஒண்ணு." செயலாளர் எழுதுவதை நிறுத்தினார், அது அவருடைய கதவு எண். "இருபத்தெட்டு, டியூஷன் டீச்சர். தாழ்ப்பாள், நாலு. அம்பத்தொண்ணு, பின்வீடு. பல்பு, ஒரு டஜன்."

பனியன்கள் மெல்ல மெல்ல வரிசையில் வந்து நின்றன. அக்கா யாரையும் திட்டவில்லை. ஆள் வரவரப் பெயரைப் படித்து, பெட்டியைக் கொடுத்து, பார்சல்காரர் விட்டுப்போன ரசீதுத் தாளில் காட்டிய இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தலைவர் கேட்ட பட்டியல் பொழுது சாய்வதற்குள் தயாராகிவிட்டது: எண்பத்து மூன்று பெயர்கள், கதவு எண்ணோடு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவரவர் கைப்பட ஒப்புக்கொண்ட கையெழுத்தோடு.