ஹாரியட் மலைக்கு ஓர் அர்ச்சனைத் தட்டு

கோயிலுக்கென்று வீட்டைவிட்டுக் கிளம்பிய விசாலாட்சி, கையில் அர்ச்சனைத் தட்டோடு சாத்தாம் படகுத்துறையில் நின்றாள். கோயில் ஊருக்குள் இருந்தது. படகோ எதிர்க்கரைக்குப் போவது.

“தட்டை எதுக்குக்கா தூக்கிட்டு வந்தீங்க?” என்றாள் பக்கத்து வீட்டு நசீரா.

“நானா தூக்கினேன்? கோயில்னு சொன்னதும் அத்தையே தேங்காய் பழம் வச்சுக் குடுத்துட்டாங்க.”

போர்ட் பிளேருக்குக் குடிவந்ததிலிருந்தே எதிர்க்கரை ஹாரியட் மலை மேல் அவளுக்கு ஒரு கண். மாமியார் ஜெயலட்சுமி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். “நம்ம வீட்டுப் பொம்பளைங்க மலையேறுற வழக்கம் கிடையாது.” கணவன் சொக்கலிங்கம், “அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று பேப்பருக்குள் புகுந்துகொண்டான்.

வழக்கம் கிடையாதாமே! அதையும்தான் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டாள்.

படகு நகர்ந்தபிறகுதான் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். கோயில் குருக்கள்!

“என்னம்மா, தட்டோட இந்தப் பக்கம்?”

“அது... அக்கரையில பம்பூ பிளாட்ல ஒரு சொந்தக்காரங்களுக்கு உடம்பு சரியில்லை. பார்த்துட்டு அப்படியே கோயிலுக்கு...”

“அடடா! நானும் வந்து விபூதி போட்டுட்டுப் போறேனே.”

விசாலாட்சி தட்டை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள். “வேண்டாம் சாமி. அம்மை போட்டிருக்கு!”

அவ்வளவுதான். குருக்கள் துள்ளி எழுந்தார். பக்கத்திலிருந்தவர்களும் எழுந்தார்கள். எல்லோரும் ஒரே பக்கமாக ஒதுங்க, படகு சாய்ந்தது.

“அரே பாய், உட்காருங்க! படகு கவுந்துடும்!” என்று கத்திய படகோட்டி, கரை சேர்ந்ததும் இவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டான். “திரும்பிப் போறதுக்கு வேற படகு பாருங்கம்மா. இந்த அம்மை பீமாரி எல்லாம் நம்ம படகுல வேணாம்.”

நசீராவுக்கு அழுகையே வந்துவிட்டது. “குருக்கள் போய் உங்க வீட்டுல சொல்லப் போறாருக்கா. பேசாம இப்பவே போயி மன்னிப்புக் கேட்டுடலாம்.”

“எதுக்குடி மன்னிப்பு? திட்டு எப்படியும் வாங்கத்தான் போறேன். மலையைப் பார்த்துட்டே வாங்குறேன்!”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். முந்தின நாள் மழையில் பாதை வழுக்கியது. ஒரு வளைவில் தேங்காய் தட்டைவிட்டு உருண்டு பள்ளத்துக்குள் போயிற்று. அதை எட்டிப் பிடிக்கப் போய்ச் செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு நடந்ததில் அட்டைகள் ஏறிக்கொண்டன.

“அல்லாவே! ரத்தம்க்கா!”

“குடிக்கட்டும். மத்தவங்க குடிக்கிறதுக்கு இது ஒண்ணும் அதிகமில்லை” என்று பிய்த்தெறிந்துவிட்டு நடந்தாள்.

உச்சியில் காடு சட்டென்று விலகியது. கீழே நீலத்துக்குள் நீலமாகக் கடல். தூரத்தில் தகரக் கூரைகளாகச் சிதறிக் கிடந்தது அவள் குடியிருக்கும் ஊர். அதில் ஒரு கூரைக்குக் கீழிருந்துதான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாளா?

“ஏறிட்டேன்!” என்று ஊரைப் பார்த்துக் கத்தினாள். “போனதும் நானே சொல்லப் போறேன் நசீரா. நம்ம வீட்டுல மலையேறின முதல் பொம்பளை நான்தான்னு!”

சத்தம் கேட்டு, உச்சியிலிருந்த பங்களாவுக்குக் காவலிருக்கும் சௌகிதார் ராஜமாணிக்கம் ஓடிவந்தார். “எந்த வீட்டு அம்மா நீங்க?”

“ஜங்லிகாட் சொக்கலிங்கம் வீடு!” என்றாள் விசாலாட்சி நிமிர்ந்து.

“அட, ஜெயலட்சுமியம்மா வீடா! வெள்ளிக்கிழமையானா பஜனைன்னு வீட்டுல சொல்லிட்டு இங்கதான் வந்துடுவாங்க. மருமக காதுல மட்டும் விழக் கூடாதாம், நீங்களும் மூச்சு விட்டுடாதீங்க!”