நான்காவது ஷரத்து

ராஜமணிக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் ஐந்து. வரிசை மாறக் கூடாது. மாறினால் அவரே எழுந்து நின்று திருத்துவார்.

முதலாவது, 1965. இந்தி வேண்டாம், இங்கிலீஷே இருக்கட்டும் என்று மதுரை வீதியில் தொண்டை கிழியக் கத்தியதற்காகக் கல்லூரி அவரை வெளியேற்றியது. வெளியேற்றிய உத்தரவு இங்கிலீஷில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

இரண்டாவது, 1969. அல்லிநகரத்துக்கு வெளியே இருந்த பஞ்சாலையில் கணக்குப் பிரிவுக்கு மனுப் போட்டார். டைம் ஆபீசில் உட்கார வைத்தார்கள். வருகிறவன் நேரத்தையும் போகிறவன் நேரத்தையும் எழுதுவது வேலை. தன் நேரம் எப்போது வரும் என்பதற்கு அங்கே பேரேடு இல்லை.

மூன்றாவது, 1974. வேலைநிறுத்தம். கேட்டில் நின்று கோஷம் போட்ட ராஜமணிக்கு நாற்பத்தொரு நாள் சஸ்பெண்ட். பஞ்சு குடோனில் ஒளிந்திருந்தவனுக்கு மேஸ்திரி பதவி.

நான்காவது, 1978. பதவி உயர்வுப் பட்டியல் காலையில் இரண்டு தாளாக ஒட்டப்பட்டிருந்தது. இரண்டாம் தாளில் அவர் பெயர். சாயங்காலம் ஒரு தாள்தான் இருந்தது. கேட்டதற்கு, "காத்து அடிச்சிட்டுப் போயிருச்சு" என்றார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆள் பார்த்து அடிக்கிற காற்றை அன்றைக்குத்தான் பார்த்தார்.

ஐந்தாவது, 1981. லேபர் ஆபீசர் என்று கோயம்புத்தூரிலிருந்து இருபத்தாறு வயசு ஆள் ஒருவனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவன் "ப்ளீஸ் டேக் யுவர் சீட், மிஸ்டர் ராஜமணி" என்றான். திரும்பிப் பார்த்தால் நாற்காலியே இல்லை.

இந்த ஐந்தையும் ராஜமணி தலைவராக இருந்த தொழிற்சங்கம் துண்டறிக்கையாகப் போட்டது. தட்டச்சு செய்தவள் கிருபாவதி. மில் ஆபீசில் டைப்பிஸ்ட், வீட்டில் ராஜமணியின் மனைவி. மதுரையில் படித்து பி.ஏ. வாங்கியவள். அதே மில்லில் பதினோரு வருஷமாக அவளுக்கு என்னென்ன நேர்ந்தது என்பது எந்தத் துண்டறிக்கையிலும் கிடையாது. தாளில் இடம் போதவில்லை.

1982-ல் கோயம்புத்தூர்க்காரன் வேறு மில்லுக்கு ஓடிப்போனான். நிர்வாகம் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. மதுரையில் வணிக நிர்வாகப் படிப்பு ஒன்று நடக்கிறது. அதில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. ஆபீஸ் ஊழியரில் பட்டம் பெற்ற எவரும் எழுதலாம். அவர்களில் கூடுதல் மார்க் எடுக்கும் ஒருவரை மில்லே சம்பளம் கொடுத்து இரண்டு வருஷம் படிக்க வைக்கும். படித்துத் திரும்பினால் லேபர் ஆபீசர்.

'எவரும்' என்ற சொல்லை ராஜமணி இரண்டு தடவை படித்தார். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். அவரும் தபால் வழியில் பி.ஏ. முடித்தவர்தானே! அன்றைக்கே கேட் கூட்டத்தில் அறிவித்தும் விட்டார்: "தோழர்களே, அந்தப் பதவியைச் சங்கம் கைப்பற்றும்! கைப்பற்றாவிட்டால் இந்தக் கேட்டில் நான் இனி மைக் பிடிக்க மாட்டேன்!"

கைதட்டல் பலமாக இருந்தது. எந்த வாக்கியத்துக்குத் தட்டினார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தும்போதே ஆரம்பித்தார்.

"கிருபா! எதிரியோட கோட்டைக்குள்ள நொழையப் போறேன்!"

"செருப்பக் கழட்டிட்டு நொழைங்க. இப்பத்தான் கூட்டி விட்டுருக்கேன்."

"லேபர் ஆபீசர் ஆகப் போறேன்டி."

"ஆபீசர் ஆனா சங்கத்தில இருக்க முடியாதுல்ல? அப்ப ஆபீசர எதுத்து யாரு கோஷம் போடுவா?"

ராஜமணி இதை யோசித்திருக்கவில்லை. "அதெல்லாம் கொள்கைப் பிரச்சினை. உனக்குப் புரியாது" என்றார்.

கணக்குப் பகுதிக்கு அவர் பயப்படவில்லை. மிரட்டியது இங்கிலீஷ் பகுதிதான். "எந்த இங்கிலீஷுக்காக ரத்தம் சிந்தினேனோ, அந்த இங்கிலீஷ் என்னையக் கைவிடாது" என்றார். ரத்தம் சிந்தியது உண்மை. முழங்காலில். போலீஸைக் கண்டு ஓடும்போது விழுந்தது.

பழைய புத்தகக் கடையில் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் வாங்கிவந்தார். விண்ணப்பப் பாரம் இரண்டு வாங்கினார். ஒன்று அடித்தல் திருத்தலில் கெட்டுப்போனால் இன்னொன்று ஆகும் என்று. பூர்த்தி செய்யும் வேலையைக் கிருபாவதியிடம் தள்ளினார். அவள் கைக்கு அடித்தல் திருத்தல் வராது. ஒரு பாரத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். மற்றதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தினமும் சாயங்காலம் பயிற்சி. கிருபாவதி மடியில் முறத்தை வைத்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டே கேள்வி கேட்பாள். ராஜமணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேடையில் நடப்பதுபோல அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பார்.

"ஒபீடியன்ட். இதுக்கு எதிர்ப்பதம் என்ன?"

"ராஜமணி!"

"அது குடுத்திருக்கிற நாலுல இல்லங்க."

"இல்லேன்னா புத்தகத்தில தப்பு."

"சரி, அடுத்தது. கப்பலுக்குக் கேப்டன்னா, ஆலைக்கு யாரு?"

"தொழிலாளி!"

"மேனேஜர்னு போட்டுருக்காக."

"போடத்தான் செய்வான்! புத்தகம் அச்சடிச்சவன் எவன்? முதலாளி!"

பக்கத்து வீட்டு ஒச்சாண்டி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தான். சங்கத்துப் பொருளாளர், மில்லில் பஞ்சு உடைக்கும் பிரிவு. "அண்ணே, பரீட்சைக்குப் படிக்கிறீகளா, மதினியோட பேச்சுவார்த்தை நடத்துறீகளா?"

"ரெண்டும் ஒண்ணுதாண்டா."

"அப்ப மதினி பக்கந்தான் நிர்வாகம். பாத்துக்கங்க."

எல்லாவற்றிலும் மோசம், பத்தி படித்துப் பதில் சொல்லும் பகுதி. அரைப் பக்கம் இங்கிலீஷ் கொடுத்திருப்பார்கள். படித்துவிட்டு, எழுதியவரின் கருத்து எது என்று நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு நாள் வந்தது எறும்பைப் பற்றிய பத்தி. எறும்பு கூலி கேட்பதில்லை, விடுமுறை கேட்பதில்லை, அதனால்தான் புற்று செழிக்கிறது என்று யாரோ ஒரு துரை எழுதியிருந்தார். கிருபாவதி வாசித்துத் தமிழிலும் சொன்னாள்.

ராஜமணியின் முகம் சிவந்தது. "எறும்பக் கேட்டானா இவன்?"

"ஏங்க, எழுதுனவரு கருத்து என்னன்னுதான் கேள்வி."

"அவன் கருத்து தப்பு!"

"தப்பாவே இருக்கட்டும். அது என்னன்னு சொல்லுங்க."

"தப்பான கருத்த என் கையால நான் டிக் அடிக்கிறதா? அறுபத்தஞ்சுல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனுக்கும் அடிச்சதில்ல!"

"அவரு என்ன நெனைக்கிறாருன்னு கேக்குறாக. நீங்க என்ன நெனைக்கிறீகன்னு யாரும் கேக்கல."

"என்னையக் கேக்காத பரீட்சை என்னடி பரீட்சை?"

கிருபாவதி ஒரு காம்பை உருவித் தள்ளினாள். "எனக்கு இது சுளுவா வருதுங்க. பதினோரு வருசமா இதத்தான பண்ணிக்கிட்டிருக்கேன். நீங்க ஒரு மணி நேரம் பேசுவீக. என்ன சொல்ல வாரீகன்னு மட்டும் புரிஞ்சு வச்சுக்கிடுவேன். சரியா தப்பான்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

ராஜமணிக்கு இது பாராட்டாகப் பட்டது. புத்தகத்தின் ஓரத்தில் எறும்புகளின் சார்பாக ஒரு கண்டன அறிக்கை எழுதினார். கிருபாவதி அடுத்த பத்திக்குப் போய், சத்தமில்லாமல் அவளே டிக் அடித்து, கடைசிப் பக்கத்தில் விடை பார்த்துக்கொண்டாள்.

தேர்வன்று இருவரும் மதுரை பஸ் ஏறினார்கள். "நீ எதுக்குடி?" என்று கேட்டார். "சோறு கொண்டாரேன். வெளிச் சாப்பாடு உங்க வயித்துக்கு ஒத்துக்காது" என்றாள். நியாயமாகத்தான் இருந்தது. ஆண்கள் ஒரு கட்டடத்தில் எழுதினார்கள், பெண்கள் எதிர்க் கட்டடத்தில். இரண்டு மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது, கிருபாவதி வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலில் மை. டைப்பிஸ்ட் விரலில் மை இருப்பது அதிசயமா? அவர் கவனிக்கவில்லை.

"எப்படி எழுதுனீக?"

"கடைசிப் பத்தியில ஒருத்தன் மாட்டுனான். சட்டத்த மதிக்கிறதப் பத்தி எழுதியிருந்தான். விடுவனா? விடைத்தாள்லயே இருநூறு வார்த்தை பதில் குடுத்துட்டேன்."

"நல்லாச் சாப்பிடுங்க" என்றாள்.

ஐப்பசி பிறந்தது. முடிவு, மூடி முத்திரையிட்ட உறையில் மில்லுக்கு நேராக வரும் என்று தெரிந்ததும் ராஜமணிக்குத் தூக்கம் போயிற்று.

"கிருபா, உறைய மேனேஜர் பிரிச்சா என் கதி என்ன? பேர மாத்திருவான். மறுபடியும் காத்து அடிக்கும்."

"பிரிக்க விடாதீக. கேட்டுல வச்சு, எல்லாரும் பாக்கப் பிரிக்கணும்னு கேளுங்க."

ராஜமணி அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷம் தன்னோடு வாழ்ந்ததன் பலன் தெரிகிறது என்று நினைத்தார். உடனே உட்கார்ந்து ஒப்பந்தத்தின் ஷரத்துகளை அவர் சொல்லச் சொல்ல, கிருபாவதி சங்கத்துத் தட்டச்சு எந்திரத்தில் அடித்தாள். ஒன்று, உறை ஷிப்ட் மாறும் நேரத்தில் மில் கேட்டில் பிரிக்கப்பட வேண்டும். இரண்டு, நிர்வாகமும் சங்கமும் அல்லாத வெளியாள் ஒருவர் வாசிக்க வேண்டும். மூன்று, பெயரை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

"அவ்வளவுதானா?" என்றாள் கிருபாவதி.

"வேற என்ன?"

"வாசிச்சப்புறம் செல்லாதுன்னுட்டா? ஒண்ணு கூடச் சேத்துக்கிடலாம்ல." அவள் விரல்கள் ஓடின. தாளை உருவி நீட்டினாள்.

ராஜமணி உரக்கப் படித்தார். "நான்கு. வாசிக்கப்படும் பெயர் எவருடையதாயினும், நிர்வாகமும் சங்கமும் எவ்விதத் தடையும் சொல்லாமல் ஏற்று, அவரைப் படிப்புக்கு அனுப்பிவைக்கும்." தொடையில் ஓங்கித் தட்டினார். "எவருடையதாயினும்! ஒரே வார்த்தையில மேனேஜரக் கட்டிப் போட்டுட்டியே!"

"நல்லா இன்னொரு தரம் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு? தெளிவாத்தான இருக்கு அர்த்தம்!"

போட்டார். சங்கத்தின் முத்திரையையும் குத்தினார். நிர்வாகம் மூன்று நாள் முரண்டு பிடித்தது. ராஜமணி மூன்று நாள் கேட்டில் உட்கார்ந்தார். நான்காம் நாள் மேனேஜர் இறங்கிவந்து கையெழுத்துப் போட்டார். பதினேழு வருஷப் போராட்ட வாழ்க்கையில் ராஜமணிக்கு முழுசாகக் கிடைத்த முதல் வெற்றி அது.

உறை வந்த நாளில் மத்தியான ஷிப்ட் விட்டு இறங்கியவர்களும் ஏறப்போகிறவர்களுமாகக் கேட்டில் முந்நூறு பேர் நின்றார்கள். ஒச்சாண்டி செவ்வந்தி மாலையோடு தயாராக இருந்தான். ஆபீஸ்காரர்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். அவர்களில் கிருபாவதியும் இருந்தாள், கைகளைக் கோத்துக்கொண்டு. வாசிக்க வந்தவர் மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் ஜெபமணி. பெஞ்சில் ஏறி நின்று, முதலில் ஷரத்துகள் நான்கையும் வாசித்தார்.

"இதுக்கு ரெண்டு தரப்பும் சம்மதமா? சாட்சிகள் முன்னால வாயால சொல்லுங்க."

"சம்மதம்" என்றார் மேனேஜர், வேண்டா வெறுப்பாக.

"சம்மதம்!" என்றார் ராஜமணி. வைகை அணைக்குக் கேட்டிருக்கும்.

ஜெபமணி உறையைப் பிரித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் படித்தார். ஒருமுறை ராஜமணியைப் பார்த்தார். ஒருமுறை ஆபீஸ்காரர்கள் பக்கம் பார்த்தார்.

"என்ன சார் தயக்கம்?" ராஜமணி கூட்டத்தைப் பார்த்துக் கையை வீசினார். "மேனேஜருக்குப் பயப்படாதீக! நாலாவது ஷரத்து இருக்கு! எவன் தடுக்கிறான்னு பாக்கேன்! கடைசியில நிக்கிறவனுக்கும் கேக்கணும், ஒரக்க வாசிங்க!"

தலைமையாசிரியர் உரக்கவே வாசித்தார்.

"திருமதி கிருபாவதி ராஜமணி."

மாலையைத் தூக்கிய கை தூக்கியபடி நிற்க, ஒச்சாண்டி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தான். ஜெபமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மூன்றாவது ஷரத்தின்படி இன்னொரு தடவையும் வாசித்தார்.

"கிருபாவதி ராஜமணி."