ஒல்வென் வீட்டு முற்றத்தில் மட்டும் நின்றுபோகும் எஞ்சின்

ட்ரெகாரன், வேல்ஸ்
ஏப்ரல் 19

அன்பு மகள் மெலெரிக்கு, அப்பா எம்லின் எழுதிக்கொள்வது. நானும் ஆடுகளும் சுகம். பர்மிங்ஹாமில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பா வாரத்தில் நான்கு நாள் ஒல்வென் டீச்சர் வீட்டில் டீ குடிக்கிறார் என்று உன் அத்தை ஃபோனில் சொன்னாளாம். நான்கு நாள் என்பது சரி. அவள் நினைக்கும் காரணம்தான் தப்பு. காரணம் முழுக்க முழுக்க டிராக்டர்.

குளிர்காலம் பூராவும் கொட்டகையில் நின்றதில், நம் சின்னச் சிவப்பு டிராக்டரின் கிளட்ச் தட்டு துருவேறி ஒட்டிக்கொண்டது. மிதித்தாலும் விடவில்லை. கியரிலேயே ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்தபடி ஓட்டிக்கொண்டே இருந்தால் பட்டென்று விட்டுவிடும் என்று சரிவில் உருட்டிவிட்டேன். வயலை மூன்று சுற்றுச் சுற்றியும் விடவில்லை. எஞ்சினை அணைத்திருக்கலாமே என்பாய், அணைத்தால் திரும்ப யார் மேட்டுக்குத் தள்ளுவது, அதனால் அப்படியே சாலைக்கு வந்துவிட்டேன், எதிரே நம் போதகர், "நில்லுங்க எம்லின், ஒரு வார்த்தை பேசணும்" என்றார், "நிக்க முடியாது ஐயா, கூடவே வாங்க" என்றேன், பாவம், தேவாலயக் கூரை ஒழுகுவதைப் பற்றிக் கால் மைல் தூரம் ஓட்டமும் நடையுமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் வளைவில் திரும்ப முடியாமல் ஒல்வென் வீட்டு முற்றத்துக்குள் புகுந்து, பிரேக்கில் ஏறி நின்றேன். அப்போதுதான் கிளட்ச் விட்டது. டிராக்டரின் மூக்கு அவள் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்புக்குள்.

அவள் வாசலுக்கு வந்து நிதானமாகப் பார்த்தாள். "இதையும் சேர்த்துத் துவைக்கணுமா?" என்றாள்.

கறைபட்ட விரிப்பை நானே துவைத்து, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மரியாதைக்கு ஒரு டீ. கிளம்பலாம் என்று ஸ்டார்ட் செய்து, கியர் போடக் கிளட்சை மிதித்தால் ஐட்லிங், அதாவது எஞ்சின் சும்மா ஓடுகிற வேகம், இறங்கி, எஞ்சின் முனகி நின்றுவிட்டது. சூடாக நின்றால் அது முக்கால் மணி நேரம் கிளம்பாது. மறுபடி டீ. வீட்டுக்கு வந்து ஸ்குருவைத் திருகி ஐட்லிங்கைச் சரிசெய்தேன், நம் முற்றத்தில் எத்தனை முறை மிதித்தாலும் அசையவில்லை. அடுத்த நாள் வேலிக் கம்பம் நட்டுக் கொடுக்கப் போனேன், அங்கே மறுபடி நின்றது. மெக்கானிக் ஷோனியிடம் கேட்டேன். "கிளட்சை மிதிச்சா எஞ்சின் இறங்குதுன்னா கிராங்க் வாஷர் தேஞ்சிருக்கு அண்ணே. ஆனா ஒரே வீட்ல மட்டும் ஏன் தேயுதுன்னு எனக்குத் தெரியல" என்றான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் அம்மா ஆட்டுக்கறிச் சூப்பில் என்ன போடுவாள் என்று ஒல்வென் ஒருநாள் கேட்டாள். சொல்ல ஆரம்பித்தவன் லீக் தண்டு வரைக்கும் வந்து நிறுத்திவிட்டேன். அம்மா போன இந்த ஆறு வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. நான் கண்ணைத் துடைத்து முடிக்கிறவரை அவள் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "லீக்குக்கு அப்புறம்?" என்றாள்.

ஆகவே உங்கள் ஊரில் பழைய டிராக்டர் சாமான் விற்கிறவரிடம் கிராங்க் வாஷர் ஒரு ஜோடி வாங்கி உடனே அனுப்பு. அதை மாட்டிவிட்டால் ஊர் வாயும் அடங்கும், நானும் நேரத்துக்கு வீடு திரும்புவேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் நனையாமல் வைத்திருக்கட்டும்.

உன் அப்பா,
எம்லின்

பின்குறிப்பு: உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடப் போகிற வழியில் ஒல்வென் வீட்டில் நிறுத்தினேன். கோழிகளுக்குத் தீனி போடுகிறேன் என்று வெளியே போனாள். மழை வருமா என்று ஜன்னல் பக்கம் போனேன். கோழிகள் ஒரு மூலையில் நிற்கின்றன, இவள் டிராக்டர்மேல் குனிந்து வெண்ணெய்க் கத்தியால் ஐட்லிங் ஸ்குருவைத் திருகிக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்தில் போய், "எத்தனை சுத்து?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "ஒண்ணரை. ரெண்டு சுத்தினா நீங்க கிளட்சை மிதிக்கிறதுக்கு முன்னாடியே நின்னுடுது."

"எதுக்கு ஒல்வென்?"

"நீங்க சீக்கிரம் கிளம்பிடுறீங்க."

வாஷர் வேண்டாம் மெலெரி. சனிக்கிழமை நீ வா. மகளிடம் கேட்காமல் எதுவும் சொல்லமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "கேளுங்க, நல்லா கேளுங்க. அதுவரைக்கும் உள்ள வந்து உக்காருங்க, டீ ஆறுது" என்றாள். இதை அவள் மேஜையில்தான் எழுதுகிறேன்.