பெரியப்பா அனுப்பிய பதினொரு நற்சாட்சிப் பத்திரங்கள்

ஹோர்சன்ஸ்,
டென்மார்க்.
16.11.1986

மாண்பும் மதிப்பும் மிக்க பெரியப்பா, இளைப்பாறிய அதிபரும் சமாதான நீதவானுமாகிய திரு. குருசுமுத்து அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மகன் அந்தோனிதாசன் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் இங்கே சுகமாக இருக்கிறேன். மூக்கு மட்டும் ஒக்டோபரில் அடைத்தது, இனி ஏப்ரலில்தான் திறக்கும். நீங்களும் பெரியம்மாவும் சுகமாக இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். இந்தக் கடிதம் மன்னாருக்கு எப்போது வந்து சேருமென்று தெரியாதபடியால் நத்தார் வாழ்த்தையும் உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்தையும் இப்போதே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நன்றி. நீங்கள் அனுப்பிய பொதி கிடைத்தது. எனக்கு அல்ல, பொலிசாருக்கு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மார்ச் மாதம் உங்களுக்கு நான் எழுதியது ஞாபகம் இருக்கும். என் மனைவி கிர்ஸ்டன் டெனிஷ் இராணுவத்தில் சார்ஜன்ட் என்பதையும், அவளை மூன்று வருடத்துக்கு மேற்கு ஜேர்மனியில் உள்ள நேட்டோ அலுவலகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பதையும், கணவனும் கூடப் போய் இருக்கலாம் என்றாலும் இலங்கைப் பாஸ்போட்டோடு மூன்று வருடம் வெளியே இருந்தால் என் இங்கத்தைய வதிவிட அனுமதி செத்துவிடும் என்பதையும், ஆகவே டெனிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்பதையும் எழுதியிருந்தேன். அங்கே அவளுக்கு இரண்டு அறை வீடு, இரண்டு கட்டில். ஒன்று ஜனவரியிலிருந்து வெறுமையாகக் கிடக்கிறது. மனைவி பட்டாளத்தில், புருசன் குசினியில் என்று எஸ்பியர்க் துறைமுகத்தில் இருக்கும் நம்மவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நான் அவிக்கிற கிழங்கில் ஒரு குறையும் இல்லை. ஆறு வருடம் எனக்கு ஒரு வரி எழுதாத நீங்கள் இதற்கும் எழுதமாட்டீர்கள் என்றே நினைத்தேன். எழுதாமல் விட்டதோடு நிறுத்தாமல் என் கடிதத்திலிருந்து பொலிஸ் நிலையத்தின் விலாசத்தை எடுத்து நேரே அங்கே பதிவுத் தபால் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை.

அதற்கு முதல் ஒன்று சொல்ல வேண்டும். இராணுவத்திலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. 'அன்புள்ள போர்வீரரின் மனைவியே' என்று அச்சடித்திருந்தது. வெளிநாட்டில் பணியாற்றுபவர்களின் மனைவிமார் மாதம் இருமுறை கூடிக் கோப்பி குடித்து மனத் துயரை ஆற்றிக்கொள்ளும் வட்டமாம். என் மனத் துயருக்கும் கோப்பி பிடிக்கும் ஆதலால் போனேன். பதின்மூன்று பெண்கள் ஊசியும் நூலுமாக இருந்தார்கள். நான் வாசலில் நின்றதைப் பார்த்து மின்சாரம் திருத்த வந்தவன் என்று நினைத்து ஒரு பெண் எழுந்து பியூஸ் பெட்டியைக் காட்டினாள். அவள் பெயர் பிர்கிட், லெப்டினன்ட் ஒருவரின் மனைவி. நான் யாரென்று தெரிந்ததும் வெட்கப்பட்டு மூன்று துண்டு கேக் வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பதின்மூன்று பேரும் என்னைத் தத்தெடுத்தது மாதிரித்தான். குடியுரிமைக்குப் பொலிசாருக்கு முன்னால் டெனிஷ் மொழி பேசிக் காட்ட வேண்டும். அதற்காக ஒவ்வொருத்தியும் முறை வைத்துப் பொலிசாகி என்னை விசாரித்தாள். நான் பதிலுக்குக் கப்பலில் பழகிய கயிற்று முடிச்சுகளைச் சொல்லிக் கொடுத்தேன். என் கூடப் பிறந்தவர்கள் கூட எனக்காக இவ்வளவு மினக்கெட்டதில்லை. இதை மனவருத்தத்தோடு எழுதவில்லை, அவர்கள் மேலுள்ள நன்றிக்காக எழுதுகிறேன்.

இப்போது பொதிக்கு வருகிறேன். நீங்கள் துணியில் தைத்து, எட்டு இடத்தில் சிவப்பு அரக்கு வைத்து, 'பொலிஸ் அத்தியட்சகரின் கைக்கு மட்டும்' என்று எழுதியிருந்தீர்கள். போன வருடம் கொப்பன்கேகனில் குண்டு வெடித்த பிறகு இங்கே தைத்த பொதி என்றால் எல்லாருக்கும் பயம். ஆகவே அதை மேசையில் வைக்காமல் சைக்கிள் கொட்டகையில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தார்களாம். பிறகு ஹோல்கர் என்ற வயதான பொலிஸ்காரர், பென்சனுக்கு எட்டு மாதம் இருக்கிறபடியால் இனி என்ன வந்தாலும் பரவாயில்லை என்று கத்தரிக்கோலால் வெட்டினார். என் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் அவர்தான். அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார். மேசை நிறையக் கடதாசி. ஒவ்வொன்றின் அடியிலும் ஊதா நிறத்தில் உங்கள் றப்பர் முத்திரை, அதற்கு மேலே உங்கள் கையெழுத்து. பதினொன்று. ஆறு வருடமாக என் கடிதங்களில் நான் குறிப்பிட்ட ஒவ்வோர் ஆளுக்கும் ஒன்று. விண்ணப்பகாரனுக்காகச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் நல்லவர்களா என்பதை முதலில் யாராவது உறுதிப்படுத்த வேண்டாமா என்று யோசித்திருக்கிறீர்கள். நம் ஊரில் அது சரியான முறைதான். இங்கே ஒருவரும் கேட்கவில்லை.

ஹோல்கர் ஆங்கிலம் தெரிந்தவர். ஒவ்வொன்றாக வாசித்தார். நான் வேலை செய்யும் களஞ்சியத்தின் போர்மன் பவுல் மதுவைத் தொடாதவர் என்று நீங்கள் அத்தாட்சிப்படுத்தியிருக்கிறீர்கள். பவுல் காலைத் தேநீருக்குப் பதிலாகவே பியர் குடிப்பவர். அதன் பிரதியை இப்போது அவர் பியர்ப் பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார், போகிறவர் வருகிறவர் எல்லாரும் வாசித்துவிட்டு ஒரு போத்தல் எடுக்கிறார்கள். எங்கள் பங்குச் சுவாமியார் ஞாயிறு தவறாமல் பூசை காண்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான், பூசை வைப்பவரே அவர். கிர்ஸ்டனின் தகப்பன் ஸ்வென் நெற்காணிகளுடைய கண்ணியமான விவசாயி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பன்றி வளர்க்கிறார். விஷயம் தெரிந்ததும் தன் நெற்காணி எங்கே கிடக்கிறது, எப்போது போய்ப் பார்க்கலாம் என்று கேட்டார். இவ்வளவுக்கும் ஹோல்கர் சிரித்துக்கொண்டே இருந்தார். கிர்ஸ்டனைப் பற்றிய பத்திரத்தை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்கட மனுசியை இந்த நீதவானுக்குக் குழந்தைப் பிள்ளையிலயிருந்து தெரியுமாம்," என்றார். "அவ மன்னாரிலயோ வளர்ந்தவ?"

"இல்லை. இங்க பத்து மைல் தள்ளி, பண்டிப் பண்ணையில."

"அப்ப இவர் எங்க கண்டவர்?"

"காணேல்லை."

"காணாத ஆளைத் தெரியும் எண்டு நீதவான் எழுதுவாரோ?"

"ஐயா, எங்கட ஊரில நற்சாட்சிப் பத்திரம் அப்பிடித்தான் தொடங்கிறது. அது ஒரு வசனம். கடிதத்தில அன்புள்ள எண்டு போடுறேல்லையோ, அதுமாதிரி."

"கீழ, 'சத்தியமாக உறுதிப்படுத்துகிறேன்' எண்டும் கிடக்கு."

"அதுவும் வசனம்தான்," என்றேன்.

அவர் நல்ல மனிதர், பெரியப்பா. ஆனால் சட்டத்துக்குப் பயந்தவர். நேட்டோ அலுவலகத்தில் இரகசியக் கோப்புகளோடு வேலை செய்யும் ஒரு சார்ஜன்டை வெளிநாட்டு நீதவான் ஒருவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்றால், அதை இராணுவத்துக்கு அறிவிக்காமல் விட அவருக்குக் கை வரவில்லை. அறிவித்தார். ஜேர்மனியில் கிர்ஸ்டனின் கப்டன் அவளைக் கூப்பிட்டு, நீ எந்த வயதில் இலங்கையில் இருந்தாய், ஏன் மறைத்தாய் என்று கேட்டார். என் விண்ணப்பத்தையும் ஒரு பக்கமாக எடுத்து வைத்துவிட்டார்கள். மூன்று கிழமை நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அவளுக்கு வேலை போகுமோ, எனக்கு நாடு போகுமோ என்று களஞ்சியத்தில் பெட்டிகளை மாறி அடுக்கினேன். பிர்கிட்டும் மற்றப் பெண்களும் ஆளுக்கு ஒரு கடிதம் இராணுவத்துக்கு எழுதினார்கள். அதில் ஒருத்தியாவது என்னைக் குழந்தையிலிருந்து தெரியும் என்று எழுதிவிடுவாளோ என்று எனக்கு வேறு பயம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த மூன்று கிழமையும் உங்கள் மேல் எனக்கு நல்ல கோபம். கிர்ஸ்டன்தான் அதைத் தீர்த்து வைத்தாள். கப்டனுக்கு அவள் எழுதிக் கொடுத்த விளக்கத்தைத் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினாள். 'நான் இலங்கைக்குப் போனதில்லை. இந்தப் பெரியவரைக் கண்டதும் இல்லை. ஆனால் என் கணவர் ஆறு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் இவரைப் பற்றியே பேசுகிறார். இவர் எப்படித் தொண்டையைச் செருமுவார், எந்தக் காலுக்கு முதலில் செருப்புப் போடுவார் என்பது வரை எனக்குத் தெரியும். இவர் என்னைத் தங்கள் குடும்பத்தின் மருமகள் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை நான் மறுக்க விரும்பவில்லை.' கப்டன் இரண்டு முறை வாசித்துவிட்டுக் கோப்பை மூடிவிட்டாராம். பிறகு அவள் அந்தப் பத்திரத்தில் 'எமது குடும்பத்தின் மருமகள்' என்று எழுதியிருக்கிற வரியை என்னைத் தமிழில் சொல்லச் சொன்னாள். திரும்பவும் சொல்லச் சொன்னாள். மூன்றாம் முறை நான் சொல்ல முதலே அவளே சொன்னாள்.

அவளை நான் கட்டிய வருடம் நீங்கள் எழுதிய கடைசிக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் பேசி வைத்த பெண்ணை விட்டுவிட்டு வெள்ளைக்காரியைக் கட்டிய குற்றத்துக்கு, 'இன்றிலிருந்து உன்னை எனக்குத் தெரியாது' என்று எழுதியிருந்தீர்கள். அப்படி எழுதியவர் அவளைக் குழந்தையிலிருந்து தெரியும் என்று முத்திரை குத்தியிருக்கிறீர்கள். அது பொய்தான். ஆனால் எனக்கு யாரும் தந்த எந்த உண்மையும் இவ்வளவு சந்தோசம் தரவில்லை. ஹோல்கர் அதைப் பிரதி எடுத்துத் தந்தார். கிர்ஸ்டன் அதை ஜேர்மனியில் அந்த வெறுங்கட்டிலுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

பதினொன்றையும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். போர்மன், சுவாமியார், மாமனார், மாமியார், எனக்குத் தலைமயிர் வெட்டுகிறவர் வரை இருந்தார்கள். என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. எனக்கென்று உள்ளே ஒரு துண்டும் இல்லை. அதனால் எனக்கு ஒரு கவலையும் இல்லை, அவளை ஏற்றுக்கொண்டதே போதும். ஆகவே பெரியப்பா, விண்ணப்பம் இப்போது திரும்பவும் நேர்வழியில் போகிறது. டெனிஷ் மொழிப் பரீட்சையிலும் தேறிவிட்டேன். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், முத்திரையை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். இனி எனக்காக எந்தக் கடதாசியும், எவருக்கும், எந்தக் காரணத்துக்காகவும் அனுப்ப வேண்டாம்.

பெரியம்மாவுக்கு என் முத்தங்கள். அயலில் என்னை விசாரிப்பவர்களுக்கு என் அன்பையும், விசாரிக்காதவர்களுக்கு அதில் பாதியையும் சொல்லுங்கள். ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் தளராத கையெழுத்தையும் தருவாராக.

கீழ்ப்படிதலுள்ள மகன்,
அந்தோனிதாசன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஹோல்கர் தொலைபேசி எடுத்தார். மேலிடத்தில் என் பிறப்புப் பத்திரம் கேட்கிறார்களாம். அன்று கப்பலில் வேலையாக வந்து எஸ்பியர்க்கில் கால் முறிந்து ஆசுப்பத்திரியில் கிடந்தபோது கப்பல் போய்விட்டது, பத்திரம் இருந்த என் பெட்டியும் அதோடு போனது. மன்னாரில் பதிவுக் கந்தோர்ப் புத்தகமோ கோயில் ஞானஸ்நானப் புத்தகமோ சண்டை நடக்கும் இந்த நேரத்தில் எடுக்க முடியாது என்று சொன்னேன். அப்படியானால் என்னைப் பிறந்ததிலிருந்து அறிந்த ஒரு பெரிய மனிதரின் வாக்குமூலம் போதும், அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். பெரியம்மாவிடம் திறப்பை வாங்கி அலுமாரியைத் திறவுங்கள். பன்னிரண்டாவதாக ஒன்று வேண்டும், உடனே வேண்டும். நான் பிறந்த அன்று பதிவு செய்யச் சைக்கிளில் போனவர் நீங்கள்தான். அந்த வழக்கமான வசனம் இந்த ஒன்றில் மட்டும் உண்மையாக இருக்கும். என்னைப் பற்றி எழுதாததால் கவலை இல்லை என்று மேலே சொன்னதும் பொய். கோபம் இன்னும் ஆறவில்லை என்றால் நல்லொழுக்கம், நன்னடத்தை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், அவை தேவையில்லை என்கிறார் ஹோல்கர். 'இவனை எனக்குத் தெரியும்' என்ற ஒரு வரி போதுமாம். எனக்கும் அது போதும்.